ஆர்வில் மாற்றிய கேஸ் குழாய்

மாலை நாலு மணியானால் யூமா என்ற பாலைவன ஊருக்கு வெளியே, மோட்டார் வீடுகளை நிறுத்திக் குடியிருக்கும் அந்த வண்டிப் பூங்காவில் மடக்கு நாற்காலிகள் வட்டமாக விரிந்துவிடும். பனிக்குப் பயந்து வடக்கேயிருந்து ஓடிவந்த கிழவர்கள் ஆளுக்கொரு கோப்பையோடு உட்கார்ந்து, உலகத்தில் பழுதான எல்லாவற்றையும் வாயாலேயே பழுதுபார்ப்பார்கள். அன்றைக்கு ஆர்வில் கையில் ஒரு செம்புக் குழாய்த் துண்டு இருந்தது. வேலைக்காலம் முழுக்க மெத்தை விற்ற மனுஷன். குழாயைப் பிடித்திருந்த தோரணையைப் பார்த்தால் செங்கோல் என்றுதான் தோன்றும்.

“இதான் பழைய கேஸ் லைன். ரோட்டுல குலுங்கிக் குலுங்கி வெடிச்சுப் போச்சு. அத்தனையும் கழட்டிப் புதுசா போட்டுட்டேன். மெக்கானிக்கைக் கூப்பிடுன்னா வெர்னா. எதுக்கு? எனக்குக் கை இல்லையா?”

வெர்னா அவன் மனைவி. வட்டத்துக்கு வெளியே, தங்கள் மோட்டார் வீட்டின் படியில் உட்கார்ந்திருந்தாள். அதைத் தவிர அவளுக்கு வேறு வீடு கிடையாது. மினசோட்டாவில் இருந்த செங்கல் வீட்டை, சுதந்திரம் என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லி ஆர்வில் விற்றுவிட்டிருந்தான். அந்தச் சுதந்திரத்துக்கு ஆறு சக்கரம். இப்போது அதற்குள் அழுகிய முட்டைக்கோஸ் நாற்றமும் அடித்தது.

“இன்னும் கேஸ் வாடை வருது ஆர்வில்.”

“பழைய வாடை. திரைச்சீலையில ஏறியிருக்கும்.”

“திரைச்சீலையை நேத்துதான் துவைச்சேன்.”

ஆர்வில் பெருந்தன்மையோடு ஒரு விசாரணைக் கமிஷன் அமைத்தான். வட்டத்து ஆண்கள் ஒவ்வொருவராக உள்ளே போய் முகர்ந்துவிட்டு வந்தார்கள். கிளைட் ஓய்வுபெற்ற பல் டாக்டர். அந்தப் பெரிய காய்ச்சல் வந்துபோன பிறகு காபிக்கும் கார் எண்ணெய்க்கும் அவருக்கு வாசனையில் வித்தியாசம் தெரியாது. இன்னொருவர் வாயிலிருந்து சுருட்டை எடுக்காமலே முகர்ந்தார். ஆர்விலின் மூக்கும் எப்போதோ செத்துவிட்டது. ரொட்டி தீய்ந்தால் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்வான். அது வெர்னாவைத் தவிர யாருக்கும் தெரியாது.

வாடை இல்லை என்று ஏகமனதாகத் தீர்ப்பாயிற்று.

“வயசானா பொம்பளைங்க மூக்கு தானா எதையாவது கற்பனை பண்ணிக்கும்,” என்றார் கிளைட். சொன்னவர் டாக்டர் என்பதால் அது மருத்துவமாகிவிட்டது.

தரையோரம் பொருத்தியிருந்த கேஸ் அலாரம் மட்டும் தீர்ப்பை ஏற்கவில்லை. மறுநாள் காலையில் ஆர்வில் தன் கைவேலையைப் பற்றி மகனுக்குப் போனில் அளந்துகொண்டிருந்தபோது அது அலறியது. “கிழட்டுச் சனியன்,” என்று ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பேச்சைத் தொடர்ந்தான்.

வெர்னா சோப்புத் தண்ணீரைக் கரைத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் மல்லாந்து நுழைந்தாள். ஒவ்வொரு இணைப்பிலும் மஞ்சள் டேப் கட்டுப் போட்ட விரல் மாதிரி தடித்திருந்தது. செம்புக் குழாயின் விரிந்த வாய் நட்டுக்குள் நேராகப் பதிந்து உட்கார வேண்டிய இடம் அது. அங்கே டேப்பே ஆகாது என்று குழாய் வந்த அட்டைப் பெட்டியிலேயே அச்சடித்திருந்தது. அட்டைப் பெட்டியைப் படிக்கிற வழக்கம் ஆர்விலுக்கு இல்லை. அவள் பிரஷ்ஷால் தடவியதும் இணைப்பில் குமிழி ஒன்று கோழிமுட்டை அளவுக்கு ஊதிக்கொண்டு வந்தது.

“குமிழி வருது, வந்து பாரு.”

“சோப்புத் தண்ணியில குமிழி வராம பூவா வரும்?” என்றான், ஜன்னலுக்கு அந்தப் பக்கத்திலிருந்தே.

அவள் வண்டிக்கடியிலிருந்து வெளியே வந்தாள். கேஸ் டேங்க் இருந்த பக்கக் கதவைத் திறந்து, வால்வை இறுக மூடினாள்.

அவன் கண்டுபிடிக்கவே இல்லை. பூங்கா வாடகையில் கரண்டும் சேர்த்தி. அதனால் அங்கே யாரும் சொந்த கேஸை எரிக்கமாட்டார்கள். கணப்பு, வெந்நீர், ஃபிரிட்ஜ் எல்லாம் வாடகைக் கரண்டில் ஓடும். அடுப்பு ஒன்றுதான் கேஸ். அந்த அடுப்புக்குப் பக்கத்தில் ஆர்வில் வந்ததே கிடையாது. வெர்னா ஒரு கரண்ட் சட்டியில் முட்டையும் பீன்ஸும் மாற்றி மாற்றிச் சமைத்தாள். அவன் குழாயைப் பற்றிப் பேசிக்கொண்டே சாப்பிட்டான்.

மூன்று வாரம் கழித்து வட்டத்தில் அறிவித்தான்: “டேங்க் முள்ளு ஒரு இம்மி அசையல. அப்படின்னா முன்னாடி எவ்வளவு கசிஞ்சிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. வேலைன்னா இது வேலை.”

கைதட்டினார்கள். பக்கத்து இடத்து ஓபல் பலமாகத் தட்டினாள். புருஷன் போனபின் தனியாக வண்டி ஓட்டிக்கொண்டு வருகிறவள்; அந்தப் பூங்காவில் வெர்னாவுக்கு இருந்த ஒரே சிநேகிதி. தினமும் கேஸ் அடுப்பில் ஆப்பிள் பை சுடுவாள். விரலில் சிகரெட் இல்லாமல் அவளை யாரும் பார்த்ததில்லை.

“ஆர்வில், என் வண்டிக்கும் மாத்திக் குடுத்துடுங்களேன்.”

“நாளைக்குக் காலையில ஆரம்பிச்சிடறேன் ஓபல்.”

வெர்னா ஓபலின் விரலில் கனன்ற நெருப்பைப் பார்த்தாள். எழுந்தாள்.

“வால்வை நான் மூடி வெச்சிருக்கேன். அதான் முள்ளு அசையல.”

ஆர்வில் சிரித்தான். “எனக்குத் தெரியாமலா?”

“ஒரு நாள் நீ அடுப்பைப் பத்த வெச்சிருந்தா தெரிஞ்சிருக்கும்.”

யாரோ கோப்பைக்குள் இருமினார்கள். வெர்னா டேங்க் கதவைத் திறந்து வால்வின் மேல் கையை வைத்தாள்.

“ஜன்னலைச் சாத்திட்டு இதைத் திறந்து விடறேன். வாடை இல்லைன்னு சொன்னவங்க அரை மணி கழிச்சு உள்ள போய் ஒரு தீக்குச்சி கிழிங்க. யார் போறீங்க? டாக்டர்?”

கிளைட்டுக்கு மாத்திரை நேரம் ஞாபகம் வந்தது. சுருட்டுக்காரருக்கு நாய் ஞாபகம் வந்தது.

“கையை எடு வெர்னா,” என்றான் ஆர்வில், தணிந்த குரலில்.

அவள் மூக்கை அவன் முதல் தடவையாக நம்பினான். நம்பியதை எல்லாரும் பார்த்துவிட்டார்கள். அதை அவன் மன்னிக்கவில்லை.

ஊரிலிருந்து மெக்கானிக் வந்து டேப்பையெல்லாம் உரித்து, குழாய் வாய்களை வெட்டித் திரும்ப விரித்துப் பூட்டி, புது அலாரம் வைத்துவிட்டுப் போனான். ஓபலும் அவனையே தன் வண்டிக்குக் கூட்டிப்போனாள். ஆனால் வெர்னாவின் படியருகே நின்று சொன்னாள்:

“உயிரைக் காப்பாத்தினே, இல்லைங்கல. ஆனா அத்தனை பேர் முன்னாடி மனுஷனை அப்படி நிக்க வெச்சிருக்க வேண்டாம்டி.”

“தனியா சொன்னேனே ஓபல். முதல் நாள்லேர்ந்தே சொன்னேன்.”

“பக்குவமா சொல்லியிருக்கணும்.” ஓபல் தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வட்டத்துக்குப் போனாள்.

ஒரு வாரத்தில் ஆர்வில் மறுபடி செங்கோல் பிடித்தான்.

“கேஸ் வேலையில முதல் பாடம் என்ன? துளி சந்தேகம்னாலும் வால்வை மூடு. நாங்க மூணு வாரம் மூடியே வெச்சிருந்தோம். அப்புறம் ஒரு ஆளை வரவழைச்சு, என் வேலையைச் சரிபார்க்கச் சொன்னேன்.”

“ஜாக்கிரதைன்னா அப்படி இருக்கணும்,” என்றார் கிளைட்.

உள்ளே வெர்னா அடுப்பைப் பற்றவைத்தாள். நீலமாக எரிந்தது. குனிந்து முகர்ந்து பார்த்தாள், ஒன்றும் இல்லை. பாத்திரம் நிறையத் தண்ணீர் பிடித்துவைத்திருந்தாள்.

ஜன்னல் கண்ணாடியில் தட்டல் கேட்டது. “வெர்னா, எல்லாருக்கும் காபி. கேஸ்லயே போடு, என்ன? எல்லாரும் பாக்கட்டும்.”

அவள் பாத்திரத்தைக் கழுவுதொட்டியில் சாய்த்து, தன் ஒரு கோப்பைக்குத் தேவையான தண்ணீரை மட்டும் விட்டுவைத்து, தீயின் மேல் ஏற்றினாள்.