பாவாயி குணமான கதை

1

இந்தக் கதை என்னுடையது அல்ல. ஞானசுந்தரி கொண்டுவந்து என் தலையில் கட்டியது. கல்லூரியில் என்னோடு படித்தவள், இப்போது சேலத்தில் குழந்தைகளுக்கான மனநல டாக்டர். எண்பத்தெட்டாம் வருடத் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தாள், சொன்னாள், "நீ எழுதிக்கொள்" என்று எழுந்து போய்விட்டாள். எனக்குக் கோபம் வந்தது. எழுதினால் தேவலை என்று உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்: பனி மூடிய சேர்வராயன் மலையில் காப்பிப் பூக்களின் மணம் கமழ—

[அடித்துவிட்டேன். கதை நடப்பது பழம் பறிக்கும் காலம். அப்போது ஏது பூ?]

இரண்டாவது: பத்து வயதுப் பாவாயி பக்கத்து வீட்டு ஆட்டுக்குட்டியைத் தூக்கிக் கிணற்றில் போட்டாள்.

இது இருக்கட்டும். நடந்ததும் இதுதான். (பெயர் மட்டும் நான் வைத்தது.)

2

பாவாயியின் அம்மா காளியாயி, கரடியூருக்கு அப்பால் ஒரு எஸ்டேட்டில் பழம் பறிப்பவள். அப்பன் குப்பனூரில் லாரிக்கு லோடு ஏற்றுகிறான், எப்போதாவதுதான் வருவான். ஆட்டுக்குட்டிக்குப் பிறகு பாவாயி கடையில் திருடினாள். பள்ளிக்கூடத்தில் வாத்தியாரின் கையைக் கடித்தாள். அடியாத மாடு படியாது என்று அதுவரை பிரம்பைச் சுழற்றிய அவர், இனி வரவேண்டாம் என்று அனுப்பிவிட்டார். கடைசியில் எஸ்டேட் கிடங்கில் அடுக்கியிருந்த காப்பிச் சாக்குகளுக்குத் தீ வைத்தாள். இன்னொரு புகார் வந்தால் பிள்ளையை அரசாங்க விடுதியில் சேர்த்துவிட வேண்டும், இல்லையென்றால் எஸ்டேட் கொடுத்த லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று எஸ்டேட் மேனேஜர் சொல்லிவிட்டார். காளியாயிக்கு இருப்பது ஒரே பிள்ளை.

ஏற்காட்டில் ஞானசுந்தரி மாதம் ஒருமுறை நடத்தும் மருத்துவ முகாமுக்குப் பிள்ளையைப் பஸ்ஸில் அழைத்து வந்தாள். ஞானசுந்தரி அவசரப்படவில்லை. தாயிடம் தனியாகக் கேட்டாள், வாத்தியாரைக் கூப்பிட்டு அனுப்பிக் கேட்டாள், பிள்ளையிடம் தனியாகப் பேசினாள். வலிப்பு உண்டா, தலையில் அடிபட்டதா, காது கேட்கிறதா, வீட்டில் யாராவது அடிப்பார்களா, சூடு போட்டார்களா, பட்டினி போட்டார்களா? காளியாயி எல்லாவற்றுக்கும் இல்லை என்றாள். பொய் சொல்லவில்லை. அவள் பிள்ளையை அடிக்கக் கை ஓங்கியதே கிடையாது.

(இங்கே எனக்கு ஒரு சந்தேகம். இந்த டாக்டரை நான் ரொம்ப நல்லவளாக எழுதுகிறேனோ? கொஞ்சம் கர்வம் சேர்த்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. அவள் நல்லவள்தான். அதுதான் என்னை உலுக்குகிறது.)

3

நோய்க்குப் பெயர் வைத்தாயிற்று: நடத்தைக் கோளாறு. மருந்து மாத்திரை இல்லை. ஞானசுந்தரி தாய்க்குச் சொல்லிக்கொடுத்தது இவ்வளவுதான். நல்லது எதைச் செய்தாலும் உடனே பாராட்ட வேண்டும். தப்பு செய்தால் திட்டாமல், அடிக்காமல், ஒரு மூலையில் கொஞ்ச நேரம் உட்காரவைக்க வேண்டும். எழுந்திருக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.*

* உலகம் முழுக்கச் சொல்லப்படும் யோசனை. பக்கத்தில் ஒரு பெரியவர் நிற்பார் என்பது அதற்குள்ளேயே இருக்கிறது. அதனால் யாரும் அதைத் தனியாகச் சொல்வதில்லை.

அடுத்த மாதம் காளியாயி மலர்ந்த முகத்தோடு வந்தாள். "இப்ப நொம்பத் தேவலைங்க. ஒரு புகார் இல்லீங்க." அதற்கடுத்த மாதமும் அப்படியே. பாவாயி பக்கத்தில் கைகட்டி உட்கார்ந்திருந்தாள். ஞானசுந்தரி மதுரையில் ஒரு மருத்துவர் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேசினாள், கைதட்டினார்கள்.

4

கூட்டம் முடிந்து வந்தவள், வீட்டையும் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று சொல்லாமல் கொள்ளாமல் கரடியூர் பஸ் ஏறினாள். லைனுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஆள் நடமாட்டம் இல்லை, எல்லோரும் பறிப்புக்குப் போயிருந்தார்கள். வீட்டுக்கு முன்னால் சில்வர் ஓக் மரத்தடியில் பாவாயி உட்கார்ந்திருந்தாள். இடது கணுக்காலில் நைலான் கயிறு. மறுமுனை மரத்தில். எட்டும் தூரத்தில் ஒரு சொம்புத் தண்ணீரும் வட்டிலில் சோறும்.

அடுத்த வாக்கியத்தை என்னால்

முடியவில்லை. பாவாயி சொன்னதையே போடுகிறேன்.

"டாக்டரம்மா, நான் எந்திரிக்கவே இல்லீங்க."

பாராட்டுக்காகக் காத்திருந்தது அந்த முகம். புகார் ஏன் நின்றது, எதற்குக் கைதட்டினார்கள் என்று இப்போது உங்களுக்கும் தெரியும்.

5

மத்தியானச் சோற்றுக்குக் காளியாயி வந்தாள். டாக்டரைப் பார்த்ததும் சந்தோஷப்பட்டாள், ஊட்டுக்குள்ளே வாங்க என்று கூப்பிட்டாள். டாக்டர் கயிற்றைக் காட்டியபோது அவளுக்குக் குழப்பமாகத்தான் இருந்தது.

"நீங்க சொன்னதத்தானுங்க செஞ்சேன். நான் காட்டு வேலைக்குப் போயிட்டா, எந்திரிக்காம ஆருங்க பாத்துக்கறது? என்னையும் எங்கம்மா இப்படித்தான் கட்டிப்போட்டுட்டுப் போகும். இந்த லைன்ல எல்லாருமே அப்படி வளந்தவீங்கதானுங்க."

நடக்கப் பழகிய நாளிலிருந்தே பாவாயிக்கும் அதுதான், பள்ளிக்கூடத்தில் சேரும் வரைக்கும். அடித்தீர்களா, சுட்டீர்களா என்று கேட்ட ஞானசுந்தரி, கட்டினீர்களா என்று கேட்கவில்லை. சோறு ஊட்டுவதையும் தலை வாருவதையும் போலச் செய்துவந்ததை, காளியாயியும் ஒரு சங்கதியாக எண்ணிச் சொல்லவில்லை.

6

முடிவு அ: ஞானசுந்தரி கயிற்றை அவிழ்க்கிறாள், குழந்தை ஓடிவந்து கட்டிக்கொள்— [சினிமா. அடித்தாயிற்று.]

முடிவு ஆ: மேனேஜரிடம் பேசி, பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆயா. [அவள் போய்க் கேட்டாள். பத்து வயதுக் கழுதைக்கு ஆயாவா என்று அவர் சிரித்தார்.]

முடிவு இ: அவரிடமிருந்து திரும்பி வந்து, ஞானசுந்தரி குனிந்து முடிச்சில் கைவைத்தாள். காளியாயி தடுக்கவில்லை.

"அவுத்துடுங்க டாக்டரம்மா, நான் வேண்டாங்கல. ஆனா நாளைக்கு விடிஞ்சா நான் வேலைக்குப் போகோணும். திருப்பி ஒண்ணு செஞ்சுட்டா எம்புள்ளைய எடுத்துக்குவாங்க. பகலுக்கு இவ ஆருகிட்ட இருப்பா? அத மட்டும் சொல்லிட்டு அவுத்துடுங்க."

ஞானசுந்தரி என்னிடம் சொன்னது இதுவரைக்கும்தான். இதற்குமேல் நான் கேட்கவில்லை, இட்டுக்கட்டவும் மாட்டேன். முடிவை உங்களிடம் விடுகிறேன். அவிழ்க்க வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு நகராதீர்கள். அது எனக்கும் தெரியும், காளியாயிக்கும் தெரியும். அவள் கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள்.