நான்காவது கோணம்

மூன்றாவது கோணம் முடிய நான்கு நிமிடம் இருந்தபோது, பக்கத்து அறையில் அப்பாவின் மூச்சு மாறியது பிளசிக்குக் கேட்டது. எழுந்தவள் மறுபடி உட்கார்ந்தாள்.

மாரண்டஹள்ளியில் காலை எட்டரை மணி. மடிக்கணினித் திரையில் சிலி நாட்டு மலையொன்றின் இரவு. அங்கிருந்த தொலைநோக்கி ஒரு தூசு மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டு வருடம் விண்ணப்பித்துக் கிடைத்த ஒரே இரவு. ஒளி வடிப்பானை நான்கு கோணங்களில் திருப்பிப் படமெடுக்க வேண்டும்; ஒன்று குறைந்தாலும் அளவீட்டை நம்ப முடியாது. ஒவ்வொரு கோணத்துக்கும் அங்கே தொலைநோக்கியை இயக்குபவர் பிளசியைக் கேட்டுத்தான் தொடங்குவார். இன்னும் இருபது நிமிடத்தில் மேகம் மலைக்குப் பின்னால் இறங்கிவிடும்.

"அந்த வாய்ப்பு வேண்டாம்னு சொல்லிடறேன்ப்பா" என்று அவள் சொன்னதற்கு நேற்று அப்பா இன்னாசிராஜ் கோபப்பட்டார். முப்பது வருடம் ஓசூர் பஸ் ஓட்டியவர். இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள்.

"நீ என்னாத்தப் பாக்கற, அதச் சொல்லு மொதல்ல."

"நட்சத்திரங்களுக்கு நடுவுல இருக்கற தூசுப்பா. அங்க இருக்கற காந்தம் அத ஒரே வாக்குல நிக்க வெக்குது. அதுக்குள்ளாற பூந்து வர்ற வெளிச்சம் ஒரு பக்கமாவே அதிகமா ஆடும். அகச்சிவப்புன்னு, கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம். அது ஆடற பக்கத்த வெச்சு காந்தம் எப்பிடிப் போவுதுன்னு சொல்லிரலாம்."

அவர் வெகுநேரம் மூச்சு வாங்கினார்.

"காந்தத்தப் பாக்க முடியாது. தூசியப் பாத்துக் கண்டுபுடிக்கற."

"ஆமாப்பா."

"செய்யி."

அண்ணன் மரிய ஆனந்துக்கு அது பிடிக்கவில்லை. காலையிலிருந்து அவளோடு பேசவில்லை. இப்போது கதவருகே வந்து நின்றான்.

"வர்றியா, இல்லியா? இனிமே கூப்புட மாட்டேன்."

ஓடினாள். அம்மா இசபெல்லா ஈரத்துணியால் அப்பாவின் உதட்டை நனைத்துக்கொண்டிருந்தாள். பிளசி கையைப் பிடித்ததும் அவர் விரல்கள் மடங்கின. ஒரு மூச்சு. இன்னொன்று. அடுத்ததற்காக மூவரும் காத்திருந்தார்கள். வரவில்லை.

"ஏசுவே" என்றாள் அம்மா, ஒரே ஒரு முறை.

அடுத்த அறையில் மடிக்கணினியிலிருந்து அந்த இயக்குபவரின் ஆங்கிலக் குரல் கேட்டது: நான்காவது கோணத்தைத் தொடங்கலாமா? மறுபடி கேட்டது. பிளசி அந்த விரல்களிலிருந்து கையை உருவவில்லை.

மரிய ஆனந்த் சட்டையால் முகத்தைத் துடைத்தான்.

"அந்தாளுக்கு என்னான்னு சொல்றது?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"யெஸ்னு சொல்லுண்ணா."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

அவன் போனான். அம்மா வெள்ளை வேட்டியின் ஓரத்தைக் கிழித்துக் கொடுத்தாள். பிளசி அப்பாவின் தாடையைத் தூக்கிக் கட்டினாள். பாலக்கோட்டில் தக்காளி ஏலம் விடும் குரலில் அண்ணன், "யெஸ் சார், யெஸ்" என்பது கேட்டது.

முடிச்சு தளர்ந்திருந்தது. அவிழ்த்து, மறுபடி கட்டினாள்.