வேகம் பிடிக்காத மிஷின்

துணி துவைக்கிற மிஷின் அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்து, லாரியில் மலையேறி, ஏரிக்கு மேலே இருந்த வெள்ளைக்காரர் விடுதியில் இறங்கியது அறுபத்தொன்றாம் வருஷம் சித்திரையில். விடுதியை நடத்திய துரைசாணியம்மா ஆசையாய் வரவழைத்தது. கரண்ட் கொடுத்து ஓடவிட்டவர் சூசைமாணிக்கம். கொடைக்கானல் பங்களாக்களில் ரேடியோ பாடாவிட்டாலும் விளக்கு எரியாவிட்டாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அந்தப் பெருமை மனுஷனுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே உண்டு.

சித்திரை வெயிலில் ஒரு குறையும் தெரியவில்லை. ஆனியில் மூடுபனி இறங்கியதும்தான் வினை பிடித்தது. துவைத்து முடித்ததும் தொட்டி விசையெடுத்துச் சுழன்று துணியிலிருந்து தண்ணீரை உதறித் தள்ள வேண்டும். சுழன்றது, ஆனால் அந்த விசை வரவில்லை. விரிப்புகள் சொட்டச் சொட்ட வெளியே வந்தன. நாலு நாள் கொடியில் கிடந்தும் காயாமல் நாற்றமெடுத்தன. விருந்தாளிகள் மூக்கைச் சுளித்தார்கள்.

மிஷினைப் பார்த்துக்கொண்டவள் கித்தேரியம்மாள். புருஷன் செத்துப்போனவள். விடுதிக்குப் பின்னால் கொடுத்திருந்த ஒற்றை அறையில் மகளோடு இருந்தாள். வேலை போனால் அறையும் போய்விடும்.

சூசைமாணிக்கம் மூன்று நாள் தலைகீழாய் நின்று பார்த்தார். பெல்ட் வழுக்குகிறதோ என்று இழுத்துக் கட்டினார். தண்ணீர் போகும் குழாய் அடைத்திருக்கிறதோ என்று ஊதிப் பார்த்தார். கால்களுக்கு அட்டை கொடுத்து மட்டம் பிடித்தார். அமெரிக்கக் கரண்டுக்குத் தக்கபடி நம் கரண்டைக் குறைத்துக் கொடுக்கும் பெட்டியையும் மீட்டர் வைத்துப் பார்த்தார். எல்லாம் சரி. ஆனாலும் மிஷின் வேகம் பிடிக்கவில்லை.

‘எனக்குத் தெரியவில்லை’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதுதான் அவர் வாயில் வராதே! துரைசாணியம்மா இடுப்பில் கை வைத்து நின்று கேட்டபோது, “மிஷின்ல ஒண்ணும் இல்லீங்கம்மா. துணிய ஒரு பக்கமாக் குமிச்சுப் போட்டா எப்படிச் சுத்தும்?” என்று வாய் கூசாமல் சொன்னார்.

கித்தேரியம்மாள் அழுது பார்த்தாள். மறுநாளே அவளைக் கணக்குத் தீர்த்து அனுப்பிவிட்டார்கள். டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, மகளைக் கையில் பிடித்துக்கொண்டு பெருமாள்மலைக்குப் போனாள்.

அவள் இடத்துக்குப் புஷ்பமேரி வந்தாள். விரிப்புகள் அதே மாதிரிதான் சொட்டின. “புதுசுதானே, பழகிடும்” என்று துரைசாணியம்மா பொறுத்துக்கொண்டாள். ஆள் மாறியும் குறை மாறாததைச் சூசைமாணிக்கம் கண்டார். யாரும் இல்லாத வேளையில் மிஷினின் பின்பலகையைக் கழற்றி, மோட்டாரில் அப்பியிருந்த எண்ணெய் அழுக்கைச் சுரண்டினார். அடியில் ஒரு சின்னத் தகடு. அதில் அறுபது என்று வெட்டியிருந்தது.

நம் ஊர்க் கரண்ட் விநாடிக்கு ஐம்பது தரம் துடிக்கிறது. அந்த மோட்டார் அறுபது தரம் துடிக்கிற ஊருக்குச் செய்தது. ஆறு சுற்று சுற்ற வேண்டியது இங்கே ஐந்துதான் சுற்றும். பெட்டி வைத்தாலும் மாறாது. அப்படியானால் வந்த நாளிலிருந்தே அது வேகம் பிடித்ததில்லை; சித்திரை வெயில்தான் ஈரத்தைக் காயவைத்து மறைத்திருக்கிறது. துணியை யார் போட்டாலும், தேவதூதனே வந்து போட்டாலும், பிடித்திருக்காது. தகட்டைப் பார்க்காமல் மாட்டியது அவர்.

திண்டுக்கல்லுக்குப் போய் பெல்ட் வேகமாய் ஓடும்படி லேத்தில் பெரிய சக்கரம் ஒன்று கடைந்து வந்து மோட்டாரில் மாட்டினார். மிஷின் ஊளையிட்டுச் சுழன்றது. விரிப்புகள் ஈரம் வடிந்து வெளியே வந்தன. “பார்த்தீரா, கை மாறினதும் சரியாப் போச்சு!” என்றாள் துரைசாணியம்மா. “ஆமாங்கம்மா, நானும் கொஞ்சம் எண்ணெய் விட்டேன்” என்றார் சூசைமாணிக்கம். சக்கரத்தைப் பற்றி மூச்சு விடவில்லை.

அப்புறம் பத்து நாள் சோறு இறங்கவில்லை. கித்தேரியம்மாளிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும், அவளையும் கூட்டிக்கொண்டு போய் விடுதியிலும் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு பண்ணி, ஒரு காலையில் பஸ் ஏறினார். பெருமாள்மலைக் கடைகளுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் அவள் உருளைக்கிழங்கு மூட்டைகளுக்கு நடுவே அழுகலைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கை முழுக்கச் சேறு. பள்ளிக்கூடம் போக வேண்டிய மகளும் பக்கத்தில் உட்கார்ந்து பொறுக்கினாள். சூசைமாணிக்கம் தொண்டையைச் செருமினார்.

“அண்ணே, நானே உங்களப் பாக்க வரணும்னு இருந்தேன்” என்று அவள் அவசரமாக எழுந்தாள். “புஷ்பமேரி கோயில்ல சொன்னா. இப்ப மிஷினு நல்லா ஓடுதாம்ல. அப்ப தப்பு எங்கிட்டதான இருந்திருக்கு? நான் சரியாத்தான் போட்டேன்னு மாதா மேல சத்தியம் பண்ணினேன். பொய்ச் சத்தியமால்ல போச்சு! சாமியார்கிட்டப் பாவத்தச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டேன். ஒங்களயும் பொய்யன்னு மனசுக்குள்ள வஞ்சுருக்கேன். ஒங்ககிட்டயும் மன்னிப்புக் கேளுன்னு சாமியார் சொன்னாரு.”

சேற்றுக் கையைச் சேலையில் துடைத்துக் கும்பிட்டாள். மகள் தாயையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். சொல்ல வந்தது நாக்கு நுனியில்தான் இருந்தது. சொன்னால் இந்தப் பிள்ளையின் முன்னாலேயே, இந்தக் கண்களைப் பார்த்தே சொல்ல வேண்டும்.

“மன்னிச்சிருவீகளாண்ணே?”

“சரி விடு, தாயி. மன்னிச்சாச்சு” என்றார் சூசைமாணிக்கம்.

அவள் முகம் தெளிந்துபோயிற்று. அவர் நல்லா இருக்க வேண்டும் என்று வாழ்த்திவிட்டு, மறுபடி மூட்டைக்கு முன்னால் உட்கார்ந்தாள்.