குழியில் இருந்த ஈரம்

கோல்ஃப் மட்டைத் தலையின் பின்பக்கம் எடைக்கு ஈயம் வார்க்கக் குடைந்திருந்த குழிக்குள் சாண்டர்ஸ் ஈர விரலை விடுவதைக் கேவின் பார்த்தான். தூசியைத் துடைக்கிறார் என்று நினைத்தான். அடுத்த கணமே அவர் காய்ச்சிய ஈயத்தைக் கரண்டியோடு அதில் சாய்த்தார். ஈயம் படாரென்று வெடித்துச் சிதறியது. வலது கை வெந்துபோக, கிழவர் மரத்தூளில் சரிந்து உட்கார்ந்தார்.

மஸ்ஸல்பரோ ஊரில் அவரைவிட அதிகம் ஈயம் வார்த்தவர் கிடையாது. ஈரத்தில் ஈயம் பட்டால் என்ன ஆகும் என்று கேவினுக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். வேலை பழக வந்த கேவின் அவர் மகளையே கட்டிக்கொண்டான். அவன் இழைத்து, இணைத்து, மெருகேற்றிய கோல்ஃப் மட்டைகள் எல்லாவற்றிலும் விழுந்தது 'டட்ஜன்' என்று மாமனாரின் குடும்பப் பெயர் பொறித்த முத்திரைதான். இப்போது லண்டன் பக்கத்துக் கிளப் ஒன்று அவனைக் கூப்பிட்டிருந்தது. தனிப் பட்டறை, சொந்த முத்திரை. சனிக்கிழமை லீத் துறைமுகத்தில் இருவரும் கப்பல் ஏற வேண்டும்.

விரல்கள் இனி மடங்காது என்று சொல்லிவிட்டு வைத்தியர் போனார். கேவினின் மனைவி இஸோபெல் பயணப் பெட்டியைத் திறந்து, மடித்து வைத்த துணிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள்.

"அப்பாவ இப்பிடி விட்டுட்டு எப்பிடிப் போறது கேவின்? அடுத்த வருசம் பாத்துக்கலாம்."

லண்டன்காரர்கள் அதுவரை காத்திருக்கமாட்டார்கள் என்பது அவளுக்கும் தெரியும். அவள் கஞ்சி காய்ச்ச அடுப்படிக்குப் போனதும் கேவின் கட்டிலருகே குனிந்தான்.

"குழியில தண்ணி விட்டீங்க மாமா."

"கூரை ஒழுகியிருக்கும்."

"மழையே இல்லியே. நான் பாத்துக்கிட்டுத்தான இருந்தேன்."

கிழவர் கண்ணை மூடவில்லை. "பாத்தேல்ல? அப்ப அவகிட்டப் போய்ச் சொல்லு மாப்ள. 'உங்கப்பன் தன் கையத் தானே பொசுக்கிக்கிட்டான்'னு சொல்லிட்டுக் கப்பல் ஏறு."

கேவின் அடுப்படி வாசல்வரை போனான். "இஸோபெல்!"

அவள் திரும்பினாள். அழுது வீங்கிய முகம், நெற்றியில் கஞ்சி ஆவியின் வியர்வை. இந்த முகத்திடம் இதைச் சொன்னால் அவள் யாரை வெறுப்பாள்? அப்பாவையா? சொன்னவனையா?

"என்ன?"

"ஒண்ணுமில்ல... உப்புக் கம்மியாப் போடு. அவருக்கு ஆகாது."

அவள் கிண்ணத்தோடு வந்து அப்பாவின் தலையை மடியில் தாங்கிக்கொண்டாள். கரண்டியில் கஞ்சியை அள்ளி ஊதி நீட்டினாள். சாண்டர்ஸ் சின்னப் பிள்ளைபோல் வாயைத் திறந்தார். அவர் கண்கள் மட்டும், மகளைத் தாண்டி, வாசலில் நின்றவனை விட்டு அசையவில்லை.