பெருமாயி வாங்க விடாத படகு

1

முதலில் ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். போன மாதம் என் மைத்துனர் வந்து, உள்ளே படுக்க அறை வைத்த பழைய மோட்டார் படகு ஒன்று விலைக்கு வருகிறது, ஆளுக்குப் பாதி போட்டு வாங்கினால் கரையோரமாகவே ஊர் ஊராகப் போய் வரலாம் என்றார். எனக்குத் தண்ணீரைக் கண்டாலே பயம். அதைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, ஒரு கதை எழுதிக்கொண்டிருக்கிறேன், முடித்துவிட்டுச் சொல்கிறேன் என்று நழுவினேன். அப்படி ஒரு கதையே அப்போது கிடையாது. இனி எழுதியாக வேண்டும்.

படகைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆகவே என்னைவிடவும் தெரியாத ஒருத்தியைத் தேடிக்கொண்டு 1936ஆம் வருடத்துக் கொல்லிமலைக்குப் போனேன்.

2

எழுதி அடித்த முதல் வரிகள்:

[கடல் ஆர்ப்பரித்துக்கொண்டிருந்தது. – மலைமேல் யார் காதில் விழும்?]

[தேவனூர் நாட்டில் மிளகு காய்த்துக் குலுங்கிய ஒரு – மிளகு குலுங்காது. பேசாமல் இரு.]

அடிக்காமல் விட்டது இது: பெருமாயிக்குப் பொன்னன் ஒரே மகன். மலையிறங்கிப் போய், கடலூரில் ஓய்வுபெற்ற டாக்டர் ஒருவர் வீட்டில் வேலைக்கு இருந்தான். டாக்டரின் படகு ஆற்றில் கட்டிக் கிடந்தது. அதைக் கழுவித் துடைத்து, மோட்டாரையும் ஓட்டப் பழகிக்கொண்டான். டாக்டருக்கு வயதாகிவிட்டது. படகை நீயே வாங்கிக்கொள், கரையோரமாக ஆட்களை ஏற்றிப் போய்ப் பிழைத்துக்கொள் என்று அவர் சொன்னதாகப் பொன்னன் கடிதம் போட்டிருந்தான். வீட்டு மிளகை விற்றுக் கொடுத்தால் போதுமாம்.

கடிதத்தைச் சேந்தமங்கலம் சந்தையில் கடைக்காரர் ஒருவரிடம் படித்துக் கேட்டு வந்த மாதேஸ்வரன், மனைவியிடம் ஒரு வரி விடாமல் ஒப்பித்தார். பெருமாயி கடலைப் பார்த்ததில்லை. மலையில் வழி தப்பினால் ஒரு பாறையில் உட்கார்ந்துகொள்ளலாம், கடலில் எங்கே உட்காருவது என்பதுதான் அவளுக்கு விளங்கவில்லை. போனால் மகன் திரும்ப மாட்டான் என்று அவளுக்கு நிச்சயமாகிவிட்டது.

மாதேஸ்வரன் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கருப்பனாரைக் கேட்டுவிடலாம் என்றார். ஓர் எருது வாங்குவதானாலும் அந்த வீட்டில் அப்படித்தான்.*

(* கோயிலில் ஆட்டை நிறுத்தி மேலே மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். அது உடம்பைச் சிலிர்த்து உதறினால், அதாவது துளுக்கினால், சாமிக்குச் சம்மதம். துளுக்கிய ஆட்டை அங்கேயே வெட்டிவிடுவார்கள். துளுக்காத ஆடு வீடு திரும்பும். என் கதையில் ஆட்டின் பக்கம் யாருமே யோசிக்கவில்லை என்று யாரும் குறை சொல்லக் கூடாது, அதற்காகத்தான் இந்தக் குறிப்பு.)

3

இந்த இடத்தில் எனக்குப் பெருமாயி மேல் சந்தேகம் வந்தது. அவளை எப்படியாவது சாமி கும்பிட வைத்துவிடப் பார்த்தேன்.

[பெருமாயி கண்களை மூடி, கருப்பா, என் பிள்ளையை நீதான் –]

வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு காத்திருக்கிற ஆள் இல்லை அவள். மாதேஸ்வரன் காட்டுப் பக்கம் போன சாயங்காலம், விளக்கெண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பட்டிக்குப் போனாள். மறுநாள் கோயிலுக்குப் போக இருந்த ஆட்டின் காது, கழுத்து, முதுகுத்தண்டு, வால் என்று ஓர் இடம் விடாமல் மயிருக்குள் விரலை விட்டுத் தேய்த்தாள். தோலில் தண்ணீர் பட்டால்தானே அது உதறும்?

சாமிக்குப் பயந்தவள் இப்படிச் செய்வாளா என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். பயந்துகொண்டேதான் செய்தாள். அந்தப் பயத்தில் எண்ணெய் கொஞ்சம் கூடுதலாகவே போய்விட்டது.

4

மறுநாள் காலையில் மூன்று தரம் தெளித்தார்கள். தண்ணீர் வழுக்கிக்கொண்டு மண்ணில் விழுந்தது. ஆடு அசை போட்டுக்கொண்டு நின்றது. மாதேஸ்வரன் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, சாமிக்கு இஷ்டமில்லை என்றார். வேண்டாம் என்று மகனுக்குக் கடிதம் எழுதி வாங்கக் கீழே இறங்கிப் போனார்.

பெருமாயியின் சந்தோஷம் வீடு போய்ச் சேரும் வரைதான் இருந்தது. கருப்பனாரை ஏமாற்றியாகிவிட்டது. அவர் சும்மா இருப்பாரா? அவளை ஒன்றும் செய்ய மாட்டார். அவளுக்கு எங்கே வலிக்கும் என்று அவருக்குத் தெரியும். எந்தப் பிள்ளையைக் காப்பாற்றப் போனோமோ அவன் தலையிலேயே சாமி கோபத்தைக் கொண்டுபோய் வைத்துவிட்டோமே என்று எட்டு நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

5

இங்கே நான் இரண்டு முடிவுகள் எழுதினேன்.

முதல் முடிவில், படகை வேறொருவர் வாங்குகிறார். முதல் பயணத்திலேயே அது கவிழ்ந்து மூன்று பேர் முழுகிப்போகிறார்கள். பெருமாயி செய்தது சரி என்று ஆகிவிடும். வசதியான முடிவுதான். ஆனால் அவள் செய்ததைச் சரியாக்குவதற்காக, முகம் தெரியாத மூன்று பேரைக் கொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இரண்டாவதில் பொன்னனுக்குக் கடுங்காய்ச்சல். இரண்டு வரிக்கு மேல் எழுத முடியவில்லை. கருப்பனார் யார் மேல் கோபப்பட வேண்டும் என்று சொல்ல நான் யார்?

ஆகவே பொன்னனையே வரவழைத்தேன். [வரவழைத்தேன் என்பது பெருமை. அவனாகவே வந்தான்.]

6

ஒன்பதாம் நாள் மத்தியானம், அப்பா அனுப்பிய கடிதம் வழியில் எங்கேயோ தங்கிவிட்டதால் அதைப் பார்க்காமலேயே, பொன்னன் மலையேறி வந்து வாசலில் நின்றான். முகம் ஒட்டிப்போயிருந்தது. கால்கூடக் கழுவவில்லை.

“அம்மா, ஆடு துளுக்கிருச்சுங்களா?”

படகுக்காகத்தான் ஓடி வந்திருக்கிறான் என்று பெருமாயி நினைத்தாள்.

“ஏங் கண்ணு?”

“துளுக்கியிருந்தா நான் வாங்கித்தானுங்கம்மா ஆவோணும். என்னால ஆவாதுங்க. ஆத்துக்குள்ள ஓட்டுனவரைக்கும் ஒண்ணுந் தெரியல. போன வாரம் டாக்டரு கடலுக்குள்ள கூட்டிப் போனாரு. கொடலே வெளிய வந்துருச்சு. அவரு மொகத்தப் பாத்து வேண்டாம்னு சொல்ல நாக்கு வரல. சாமி வேண்டாம்னுட்டா சொல்லிப்போடலாம்னு ஓடியாரேன்.”

“துளுக்கல கண்ணு,” என்றாள் பெருமாயி. “மூணு தரந் தெளிச்சும் துளுக்கல.”

பொன்னன் அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தான். பெருமாயிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. எட்டு நாளும் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் ஒரே மூச்சில் இறங்கியது. அவனுக்குக் களி போட்டு, அவன் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே தானும் வயிறாரச் சாப்பிட்டாள்.

மகன் படுத்துத் தூங்கிய பிறகு மாதேஸ்வரன் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“ஏம்புள்ள, கோயல்ல ஆட்டப் புடிச்சப்பவே என் கையெல்லாம் எண்ணெயாப் போச்சு.”

பெருமாயி தலை நிமிரவில்லை. “அப்பறம் ஏனுங்க தொடச்சுட்டுத் தெளிக்கல?”

“எனக்கு மட்டும் அவன் புள்ள இல்லியா?” என்றார் மாதேஸ்வரன்.

7

மறுநாள் விடிந்ததும் இரண்டு பேரும் கருப்பனார் கோயிலுக்குப் புறப்பட்டார்கள். பாதி வழிவரைக்கும் நானும் கூடப் போனேன். அதற்கு மேல் போகவில்லை. அவர்கள் அங்கே என்ன சொன்னார்கள், கருப்பனார் அதை எப்படி எடுத்துக்கொண்டார் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. கதை எழுதுகிறவன் எல்லா இடத்திலும் போய் நிற்கக் கூடாது. உங்களுக்குத் தெரிந்தே ஆக வேண்டுமென்றால் நீங்கள் பின்னாலேயே போய்க் கேட்டுக்கொள்ளுங்கள்.

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். இந்தத் தடவை ஆட்டைக் கூட்டிப் போகவில்லை.