லம்பாக் மலையில் கேட்ட குரல்

குளுவாங் ரயில் நிலையத்தில் கணக்கு எழுதும் கிராணி சோமசேகரம் லம்பாக் மலை உச்சிக்கு ஏறியதே இல்லை. ஊரில் இந்த உண்மை தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் சோமசேகரம். மற்றவர், நிலையத்துக்கு எதிரே சாப்பாட்டுக் கடை வைத்திருந்த நஜ்முதீன்.

சில வருடங்களுக்கு முன்னால் இருவரும் ஏறத்தான் புறப்பட்டார்கள். முதல் மேட்டைத் தாண்டியதும் ஒரு பெரிய பாறை வந்தது. அதில் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றிப் பார்த்தால் விரலுக்கு விரல் அட்டை. சுண்ணாம்பைத் தடவி அட்டைகளை உதிர்த்துவிட்டு, நஜ்முதீன் கட்டிக்கொண்டு போன நெய்ச்சோற்றை அங்கேயே பிரித்தார்கள். நெய்ச்சோறு உள்ளே போன பிறகு மலை ஏற யாருக்கு மனம் வரும்? சாயங்காலம் வரை தூங்கி எழுந்து, கால்சட்டையில் கொஞ்சம் சேற்றைப் பூசிக்கொண்டு இறங்கி வந்தார்கள்.

வந்த மனிதர் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். சோமசேகரத்தால் அது ஆகிற காரியமா? உச்சியிலிருந்து கடல் தெரிகிறது என்றார். கொஞ்ச நாளில் கடலில் கப்பல் தெரிந்தது. அடுத்த வருடம் சிங்கப்பூரே தெரிந்தது. ரயிலுக்குக் காத்திருந்தவர்கள் ரயிலை மறந்து கேட்டார்கள். குளுவாங்கில் யாராவது மலை, அருவி என்று பேச்செடுத்தால், கிராணியாரைக் கேட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லும் அளவுக்கு அவர் பெயர் பரவிவிட்டது.

வெளியாரிடம் அளந்ததோடு நின்றிருந்தால் கெடுதல் ஒன்றும் இல்லை. ஆனால் எல்லாரையும்விட ஆவலாகக் கேட்டவள் அவருடைய மனைவி செல்லப்பாக்கியம். அவளுடைய தமையன் ஏரம்பமூர்த்தி சிரம்பானில் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் கீறுகிறவர். தங்கையின் புருஷன் கதிரையை விட்டு எழும்பாத ஆள் என்பது கலியாணத்தன்றே அவர் எழுதிவிட்ட தீர்ப்பு. அதற்குச் செல்லப்பாக்கியத்திடம் இருந்த ஒரே பதில் லம்பாக் மலை. "கடல் தெரியிற உச்சிக்கு ஏறின மனுசன் அண்ணை அவர்" என்று ஒவ்வொரு பொங்கலுக்கும் சிரம்பானில் போய்ச் சொல்லிவிட்டு வருவாள்.

ரப்பர் விலை படுத்துப்போன மறு வருடம், ஏரம்பமூர்த்தி தன் மனைவி தவமணிதேவியோடு லீவில் குளுவாங் வந்தார். வந்த அன்றே கோப்பியைக் குடித்து முடித்துக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"மச்சான், நாளைக்கு அந்தக் கடல் தெரியிற மலைக்குப் போவம்."

சோமசேகரம் சாக்குகளைத் தேடினார். மழை வரும் என்றார். யானை வரும் என்றார். முழங்காலில் வாதம் வந்தே விட்டது என்றார்.

"அப்ப நீர் ஏறேல்லையோ?" என்று ஏரம்பமூர்த்தி மெல்லச் சிரித்தார்.

அதற்குள் செல்லப்பாக்கியம் குசினியிலிருந்து வந்துவிட்டாள். "அவருக்கு அது வீட்டு முத்தம் மாதிரி, அண்ணை. விடியவே போவம். நான் புட்டு அவிச்சுக் கட்டுறன்."

சோமசேகரம் நேரே நஜ்முதீன் கடைக்கு ஓடினார். "நானா, என்ர மானம் கப்பலேறப் போகுது!"

"கடல்ல கப்பலை விட்டதே நீங்கதானே கிராணி ஐயா."

"பகிடியை விடுங்கோ. அந்தாள் என்னைப் பாத்துச் சிரிக்கட்டும், எனக்குக் காரியமில்லை. அவளைப் பாத்துச் சிரிப்பான். அதைத்தான் என்னால தாங்கேலாது."

நஜ்முதீனுக்கே பாவமாகப் போய்விட்டது. "அலமாக், இதுக்கா பயம்? நானும் கூட வரேன் லா. மேல மேல போனா உச்சி தன்னால வந்துட்டுப் போகுது. ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வெச்சுக்குங்க. காட்டோரக் கம்பத்துல குடியிருக்கிற மலாய்க்காரங்க சொல்லுவாங்க, காட்டுல நம்ம பேரு கேட்டா பதிலே குடுக்கக் கூடாது. கூப்பிடுறது மனுசனா இருக்காது."

மறுநாள் காலையில் ஐந்து பேரும் ஏறினார்கள். பழைய பாறை வந்ததும் நஜ்முதீன் அதில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். "நான் சாப்பாட்டுக்குக் காவல் இருக்கேன், நீங்க போயிட்டு வாங்க" என்றார். கூட வருகிறேன் என்று சொன்னாரே தவிர, எதுவரை என்று அவர் சொல்லவில்லைதான்.

பாறையைத் தாண்டிய ஒவ்வோர் அடியும் சோமசேகரத்துக்குப் புது உலகம். தெரிந்தவர் மாதிரி கையை வீசிக்கொண்டு முன்னால் நடந்தார். கொஞ்ச தூரத்தில் பாதை இரண்டாகப் பிரிந்தது.

"எந்தப் பக்கம்?" என்றார் ஏரம்பமூர்த்தி.

"நில்லுங்கோ, மழைக்குப் பாதை கெட்டிருக்கும். நான் முன்னால போய்ப் பாத்திட்டு வாறன்" என்று சோமசேகரம் இடது பக்கம் புகுந்தார். சாட்சிகள் இல்லாமல் முழிக்க அவருக்குக் கொஞ்சம் தனிமை வேண்டியிருந்தது.

போன சிறிது நேரத்தில் பனிமூட்டம் இறங்கிவிட்டது. திரும்பிப் பார்த்தால் வந்த பாதையைக் காணோம். ரோத்தான் பிரம்பின் முள், போட்டிருந்த கோட்டைப் பிடித்து இழுத்தது. கத்திக் கூப்பிடலாம் என்றால், வீட்டு முற்றத்தில் தொலைந்து போகிறவன் உண்டா? பேசாமல் நின்றார்.

"இஞ்சாருங்கோ!" என்று கீழிருந்து ஒரு குரல் வந்தது.

அது அவள்தான். யாழ்ப்பாணத்து வீடுகளில் பெண்சாதி புருஷன் பெயரை வாயால் சொல்கிற வழக்கம் இல்லை. கலியாணமான நாளிலிருந்து அவளுக்கு அவர் 'இஞ்சாருங்கோ'தான். கோயில் அர்ச்சனையில் ஐயர் பெயர் கேட்டால், நட்சத்திரத்தை மட்டும் சொல்லிவிட்டுப் பக்கத்து வீட்டுச் செல்வராணியின் முழங்கையை இடிப்பாள். பெயரைச் செல்வராணி சொல்வாள்.

பதில் கொடுக்க வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து ஏரம்பமூர்த்தியின் குரல் கேட்டது. "முத்தத்தில துலைஞ்சு போனார் உம்மட மனுசன்!" அவர் வாயை மூடிக்கொண்டார்.

"இஞ்சாருங்கோ!" இன்னொரு தரம் கேட்டது. பிறகு காடு அமைதியாகிவிட்டது.

அப்புறம்தான் அது கேட்டது.

"சோமசேகரம்!"

பெண் குரல். மூட்டத்துக்குள்ளிருந்து, அழுகிற மாதிரி. சோமசேகரத்துக்கு மயிர்க்கால் குத்திட்டு நின்றது. ஏரம்பமூர்த்திக்கு அவர் மச்சான். நஜ்முதீனுக்குக் கிராணி ஐயா. பெற்ற தாய்கூட ராசு என்றுதான் கூப்பிட்டாள். முழுப் பெயரையும் சொல்லிக் கூப்பிட இந்தக் காட்டில் எந்தப் பெண் இருக்கிறாள்? செல்லப்பாக்கியம் இல்லை. அதைக் கோர்ட்டில் சத்தியம் பண்ணியே சொல்வார்.

"சோமசேகரம்! சோமசேகரம்!"

ஓடினார். குரல் கீழே இருந்தது, அதனால் மேலே ஓடினார். வேரைப் பிடித்து ஏறினார், நாலு காலில் ஏறினார். கோட்டின் ஒரு கையை ரோத்தானுக்கும் ஒரு சப்பாத்தைச் சேற்றுக்கும் கொடுத்தார். முருகனை அழைத்துக்கொண்டே ஓடினார். குரலோ விடுகிறதாக இல்லை. மூச்சு இரைக்க இரைக்கப் பின்னாலேயே வந்தது. கடைசியில் ஏறுவதற்கு மேலே ஒன்றும் மிச்சம் இல்லாத ஓர் இடத்தில் நின்றார்.

லம்பாக் மலை உச்சிக்குச் சோமசேகரம் ஏறியது இப்படித்தான்.

புதர் விலகியது. தலைவிரி கோலமாக, சேலையை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு, கையில் அவருடைய சப்பாத்தோடு பேய் வெளியே வந்தது. பேய்க்குச் செல்லப்பாக்கியத்தின் மூக்குத்தி இருந்தது.

"கூப்பிடக் கூப்பிட ஏன் ஓடினியள்?"

"நீரே கூப்பிட்டனீர்? பேர் சொல்லியோ?"

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிறகு சப்பாத்தைக் கீழே போட்டுவிட்டு அழத் தொடங்கினாள். "புலி கொண்டுபோட்டுதெண்டு நினைச்சன். அதுக்குப் பிறகு என்ன பேரும் ஊரும்!"

இவ்வளவு காலம் இவளோடு குடித்தனம் நடத்தியும், தன்னை இவள் இப்படித் தேடுவாள் என்று அவருக்குத் தெரியாது. சந்தோஷத்திலும் வெட்கத்திலும் அவருக்கும் கண் கலங்கியது.

பின்னாலேயே ஏரம்பமூர்த்தியும் தவமணிதேவியும் தவழாத குறையாக வந்து சேர்ந்தார்கள். "என்ன ஓட்டம் மச்சான்! பாதையே இல்லாமல் ஏறிப்போட்டீர்!" என்று ஏரம்பமூர்த்தி மனதாரச் சொன்னார். மூச்சு வந்ததும் சுற்றிலும் பார்த்தார். "கடல் எங்க?"

நாலு பக்கமும் மரம். மரத்துக்கு நடுவே வெள்ளை வெளேரென்று மூட்டம். கடல் கிடக்கட்டும், குளுவாங்கே தெரியவில்லை.

சோமசேகரம் மனைவியின் முகத்தைப் பார்த்தார். இனிமேலும் இவளை வைத்துப் பொய்யை வளர்க்க அவருக்கு மனம் வரவில்லை. "மச்சான், உண்மையில நான்..."

"அந்தா, அண்ணை!" செல்லப்பாக்கியம் முன்னால் வந்து கையை நீட்டினாள். "அந்தப் பெரிய மரத்துக்கு இடப்பக்கம். நீலமாத் தெரியுதே."

ஏரம்பமூர்த்தி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நாத்தனாருக்குத் தெரிகிறது தனக்குத் தெரியாமல் போவதாவது என்று தவமணிதேவி எட்டிப் பார்த்தாள். "ஓமப்பா, வடிவாத் தெரியுது. கப்பலும் நிக்குது."

ஏரம்பமூர்த்தி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகு நேரம் பார்த்தார். "ம்... தெரியுது, தெரியுது" என்றார் கடைசியில். "ரெண்டு கப்பல்."

இறங்கும்போது அவர்தான் முன்னால் நடந்தார். பாறைக்கு வந்ததும் நஜ்முதீனைப் பிடித்துக்கொண்டு கப்பல்களின் நீளத்தையும் புகைபோக்கியையும் விளக்கத் தொடங்கினார். நஜ்முதீன் வாய் நிறையப் புட்டோடு, "அப்படியா சார், அப்படியா" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

புருஷனும் பெண்சாதியும் பின்தங்கி வந்தார்கள்.

"முந்தி நீங்கள் இதில ஏறினதே இல்லை, என்ன?"

"இல்லை" என்றார் சோமசேகரம்.

"எனக்குத் தெரியும்."

"எப்ப தொடக்கம்?"

"அண்டைக்கே தெரியும். கால்சட்டையில சேறு முன்பக்கம் மட்டும்தான் இருந்தது, விரல் அடையாளத்தோட. தோய்ச்சது நான்தானே."

"பிறகு ஏன் தமையனுக்கு அப்பிடிச் சொல்லித் திரிஞ்சீர்?"

"உங்களை ஆரும் குறைவாச் சொன்னா எனக்குப் பொறுக்காது."

சோமசேகரம் கொஞ்ச தூரம் நடந்தார். பிறகு நின்று, "இன்னொருக்கா என்ர பேரைச் சொல்லுமன்" என்றார்.

அவள் முன்னும் பின்னும் பார்த்தாள். ஒருவரும் இல்லை. முகமெல்லாம் சிவந்து, சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"இஞ்சாருங்கோ," என்றாள், "வழுக்கும். பாத்து நடவுங்கோ."