மூன்றாம் முறை ஒழுகிய கண்ணாடி

"அழுத்துங்க மாப்பிள்ளை! விரலால தடவாதீங்க, உள்ளங்கையை வெச்சு அழுத்துங்க!"

பழைய பிக்கப் வண்டியின் இருக்கையில் மண்டியிட்டுக் கத்தினார் ரப்பர்காரர். கையில் ஒரு நைலான் கயிற்றின் நுனி. முன் கண்ணாடியைச் சுற்றி மாட்டிய புது ரப்பரின் பள்ளத்துக்குள் அந்தக் கயிறு ஓடியது. உள்ளேயிருந்து அதை இழுக்க இழுக்க, ரப்பரின் ஓரம் தகர விளிம்பைத் தாண்டி வந்து கவ்வும். வெளியே நிற்பவர் அதே நேரத்தில் கண்ணாடியை அழுத்த வேண்டும். கொஞ்சம் பிசகினால் ரப்பர் கிழியும், இல்லை கண்ணாடி விரிசல் விடும்.

வெளியே நின்றவர் தங்கையின் கணவர். கையைவிட வாய்தான் அதிகம் வேலை செய்தது.

"ரெண்டு தடவை மாட்டினே, ரெண்டு தடவையும் ஒழுகுச்சு. சொந்தக்காரனாச்சேன்னு உன்கிட்ட வந்தேன் பாரு மச்சான், என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்!"

"சாவகாசமா அடிச்சுக்கலாம். இப்ப அந்த மூலையை அழுத்துங்க."

சோப்புத் தண்ணீர் வழிய, கடைசி ஒரு சாண் கயிறும் சளக்கென்று வெளியே வந்தது. கண்ணாடி உட்கார்ந்துவிட்டது. ரப்பர்காரரின் கோபம்தான் உட்காரவில்லை.

மாப்பிள்ளை, வீட்டில் வைத்துத் திட்டியிருந்தால் இத்தனை எரிந்திருக்காது. பட்டறை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார் பேருந்து டிப்போ மேலாளர். நாற்பது பேருந்துகளுக்கு முன் கண்ணாடி ரப்பர் மாற்றும் வேலை. ரப்பர்காரர் இரண்டு வருடமாக நடையாய் நடந்து வாங்கி வைத்திருந்த வாய்ப்பு. மேலாளர் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்த நேரம் பார்த்துத்தான், மனைவியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, ஹாரனை அலறவிட்டபடி வந்து இறங்கினார் மாப்பிள்ளை. தண்ணீர் டாஷ்போர்டுக்குக் கீழே ஃபியூஸ் பெட்டிக்குள் இறங்கி, வண்டி வாரத்தில் மூன்று நாள் கிளம்பவே மாட்டேன் என்கிறதாம். தெருவுக்கே கேட்கச் சொன்னார்.

மேலாளர் பேனாவை மூடவில்லை. கையெழுத்தும் போடவில்லை.

"இதை என் கண் முன்னாலயே சரி பண்ணிக் காட்டுங்க. நிக்குதுன்னா வேலை உங்களுக்கு. ஒழுகுச்சுன்னா நான் கிளம்பிடுவேன். நாப்பது டிரைவர் மடியில தண்ணி சொட்டினா என் தலைதான் உருளும்."

நியாயமான பேச்சு. அதனாலேயே இன்னும் எரிந்தது.

ரப்பர்காரர் உள்பக்க ரப்பர் முழுவதும் முகப் பவுடரைத் தூவினார். ஒரு சொட்டு இறங்கினாலும் பவுடரில் கோடு விழுந்து காட்டிக்கொடுத்துவிடும்.

"கண்ணாடிக்கு மேக்கப் வேறயா? பொண்ணு பார்க்க வராங்களா மச்சான்?"

"உங்களைப் பார்த்து ஏமாந்த மாதிரி இன்னொரு தடவை ஏமாற மாட்டோம்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லிவிட்டு, தங்கையைக் கூப்பிட்டார். "நீ உள்ள உக்காரு. ஒவ்வொரு தடவையும் ஒழுகுறதை முதல்ல பார்க்குறது நீதானே. எங்கே இறங்குதுன்னு சொல்லு."

அவள் கைப்பையோடு ஏறி உட்கார்ந்தாள். கதவைச் சாத்தினார்கள். ரப்பர்காரர் குழாயைத் திறந்துவிட்டு, மேல் விளிம்பு, பக்கங்கள், மூலைகள் என்று பத்து நிமிடம் ஓரிடம் விடாமல் பீய்ச்சி அடித்தார்.

உள்ளேயிருந்து குரல் வந்தது.

"அண்ணா... ஒழுகுது."

மாப்பிள்ளை கைதட்டினார். மேலாளர் ஸ்டூலிலிருந்து எழுந்தார்.

ரப்பர்காரர் கதவைப் பிடுங்காத குறையாகத் திறந்து உள்ளே பாய்ந்தார். கால்மிதி நனைந்து கிடந்தது. டாஷ்போர்டின் அடியிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்தது. தலை நிமிர்ந்து ரப்பரைப் பார்த்தார்.

பவுடர் வைத்தது வைத்தபடி இருந்தது. சுற்றிலும் ஒரு கோடு இல்லை, ஒரு புள்ளி இல்லை.

தங்கையின் கைப்பையைப் பார்த்தார். அடிப்பக்கம் ஈரம். பையைத் திறந்தார். மூடி திருகாத பாட்டில், பாதித் தண்ணீர்.

சுர்ரென்று தலைக்கு ஏறியது.

"நீயா?" குரலை அடக்கிக் கேட்டார். "மூணு தடவையும் நீதானா?"

அவள் தலையசைத்தாள்.

"உன் புருஷன் கடை கடையா ஏறி என்னை ஓட்டைக்கைக்காரன்னு சொல்லிட்டு வரான். நான் ராத்திரி பகலா என் கையைத்தான் சந்தேகப்பட்டேன். வெளிய ஒருத்தர் பேனாவோட நிக்கிறார் தெரியுமில்ல? இப்பவே சொல்றேன், எல்லார் காதுலயும் விழட்டும்!"

கதவுப் பிடியில் கை வைத்தார். அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். நகம் தோலில் இறங்கியது.

"வண்டி இங்கேயே நிக்கணும்ணா. சாவி அவர் கைக்குப் போகக் கூடாது."

"ஏன்?"

ஜன்னலுக்கு வெளியே மாப்பிள்ளை நின்றிருந்தார். அவள் அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, உதடு அசையாமல் சொன்னாள். "இப்ப கேக்காதே."

சின்ன வயதிலிருந்து அண்ணனிடம் சண்டை போட்டே காரியம் சாதித்தவள். கெஞ்சத் தெரியாதவள். இப்போது கெஞ்சினாள்.

ரப்பர்காரர் இறங்கிக் கதவை அறைந்து சாத்தினார். வண்டித் தகரம் முழுக்க அதிர்ந்தது.

"ஒழுகுது" என்றார். ஆணியைத் துப்புவது போலிருந்தது. "தப்பு என்னுதுதான். வண்டி இங்க நிக்கட்டும்."

மேலாளர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். "வரேங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

"கேட்டீங்களா சார், அவன் வாயாலயே ஒத்துக்கிட்டான்!" மாப்பிள்ளை அவர் முதுகுக்குச் சொல்லிவிட்டு மனைவியிடம் திரும்பினார். "நான் டிரைவரோட ஒரு வாடகை வண்டி பிடிச்சு, இன்னைக்குச் சவாரிக்கு ஒத்துக்கிட்ட கட்டிலைக் கொண்டுபோய் இறக்கிட்டு வரேன். நீ இங்கேயே உக்காந்து இந்த ஆள் வேலை செய்யறாரா, தூங்கறாரான்னு பாரு."

போகிற வேகத்தில் சோப்பு வாளியை எத்திக் கவிழ்த்துவிட்டுப் போனார்.

வண்டிச் சாவியை உருவிப் பைக்குள் போட்டுக்கொண்டு தங்கையிடம் வந்தார் ரப்பர்காரர். அடித்துவிடுவோமோ என்று அவருக்கே பயமாக இருந்ததால், இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நாப்பது பஸ்ஸைத் தூக்கிக் குப்பையில போட்டிருக்கேன். சொல்லு. காரணம் மட்டும் சப்பையா இருந்துச்சு, தங்கச்சின்னு பார்க்க மாட்டேன்."

"ஃபியூஸ் நனைஞ்சா வண்டி கிளம்பாது. அதுக்காகத்தான் ஊத்தினேன்." அவளும் கத்தினாள். "சாவியை ஒளிச்சேன், வேற சாவி செஞ்சுட்டார். பேட்டரி வயரைக் கழட்டினேன், அரை நிமிஷத்துல மாட்டிட்டார். தண்ணி எங்கிருந்து வருதுன்னு மட்டும்தான் அவருக்குத் தெரியல. பழி உன் மேல விழுந்துச்சு. விழட்டும்னு விட்டுட்டேன். போதுமா?"

"அவனை ஏன் வண்டி எடுக்க விடமாட்டேங்கிறே? அதைச் சொல்லு!"

"போன மாசம் பள்ளிக்கூட வாசல்ல நம்ம பாப்பா கையை ஆட்டிக்கிட்டே பக்கவாட்டுல இருந்து ஓடி வந்தா. வண்டி ஓட்டிட்டு வந்த இவர் பிரேக்கைத் தொடவே இல்ல. யாரோ ஒரு அம்மா அவளைப் பிடிச்சு இழுத்துப் போட்டாங்க."

"குடிச்சிருந்தானா?"

"குடியா? அது இருந்தா ஊரைக் கூட்டி நிறுத்தியிருப்பேனே!" அவள் குரல் உடைந்தது. "வெளிய மூச்சு விட்டா பிழைப்பு போயிடும்னு என் வாயைக் கட்டிப் போட்டிருக்கார். நாலு மாசமாச்சுண்ணா... நேரா மட்டும்தான் தெரியுது. அவருக்கு ரெண்டு பக்கமும் பார்வை போயிடுச்சு."